ஜெரால்டு ஞானையா தப்பாய்ப் பாடிய வரி

ஏனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. காதுல மாட்டியிருக்கறதைக் கொஞ்சம் கழட்டறீங்களா? ஒன்னுமில்லீங்க, ஒரே ஒரு கேள்விதான். உங்க பனியன்ல கிட்டாரோட நிக்கறாரே ஒருத்தர், அவரு யாருன்னு தெரிஞ்சுதான் போட்டிருக்கீங்களா, இல்ல தள்ளுபடியில கிடைச்சுதுன்னு மாட்டிட்டு வந்துட்டீங்களா?

தெரியுமா! அட. ஜெரால்டு ஞானையா. பேரைச் சரியாச் சொல்லிட்டீங்க. திருநெல்வேலியில நீங்க ஏறி உக்காந்ததுல இருந்து பாத்துட்டேதான் வரேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஊட்டுல சொல்லித்தான் அனுப்பிச்சா, பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுக்காரங்களைப் பிடிச்சு அறுக்காதீங்கன்னு. ஆனா அது நாலாவது ஆல்பத்தோட அட்டைப் படமுங்க. 'வெயிலுக்கு ஒரு ஜன்னல்'. அதுதான் எனக்குப் பொறுக்கலை. மூணு நல்ல ஆல்பம் போட்ட மனுஷன். அதையெல்லாம் விட்டுட்டு, புல்லாங்குழல் வெச்ச ஆல்பத்தைக் கொண்டுபோய் நெஞ்சுல ஒட்டிட்டுத் திரியறீங்களே. ராக் பாட்டுல புல்லாங்குழலுங்க! பிரியாணியில வெல்லத்தைப் போட்டாப்பல.

சிரிக்கறீங்க. எட்வினும் இப்படித்தான் சிரிப்பான்.

எட்வின் யாருன்னு நீங்க கேக்கலை. இருந்தாலும் சொல்றேன், வழி இருக்குது. நான் குரும்பூர்ல இறங்கணும். நீங்க திருச்செந்தூருங்களா? அப்ப எனக்கு முன்னால நீங்க இறங்கித் தப்பிக்க முடியாது.

என்ற பேரு சென்னியப்பன். கோயமுத்தூரு, பீளமேடு. மோட்டார் பம்ப் பண்ற கம்பெனியில தரம் பாக்கற வேலையில இருந்து ரிட்டயர் ஆனவன். பம்பை ஓட விட்டு, பக்கத்துல காதை வெச்சுக் கேப்பேன். சத்தத்துல ஒரு பிசிறு இருந்தாலும் சிவப்பு பெயிண்டை அடிச்சு ஓரமா வெச்சிருவேன். முதலாளியே வந்து, "சென்னியப்பா, இதை விட்ரலாமே"ன்னு கேட்டிருக்காரு. முடியாதுன்னுட்டேன். எதுக்குச் சொல்றேன்னா, என்ற காது அப்படி. தற்பெருமை இல்லீங்க. தற்பெருமை எனக்கு எப்பவுமே ஆகாது. கோயமுத்தூர்ல இந்த மாதிரிக் காது வேற யாருக்கும் இல்லைங்கறது ஒரு தகவல், அவ்வளவுதான்.

எட்வின் பி.டி. வாத்தியாரு. எங்க தெருவுலயே குடியிருந்தான். சொந்த ஊரு இந்தக் குரும்பூரு. காலம் பூரா விசில் ஊதி ஊதிக் காது மந்தமானவன். அவன்கூடப் போய் நான் பாட்டைப் பத்தி வாதாடினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சது ஜெரால்டுதான். நான் மாடியில அவரோட முதல் ஆல்பம் 'மூணாவது ஷிப்ட்' கேசட்டைப் போட்டிருக்கேன், கீழ ரோட்டுல போனவன் சைக்கிளை நிறுத்திட்டு மேல பாத்துக் கத்தறான். "யோவ், இந்தப் பாட்டை நேர்ல கேட்டிருக்கீரா? பாலக்காட்டுல பாடினாரு, ஸ்பீக்கரே கிழிஞ்சு போச்சு!" அறிமுகமே இல்லாத ஆளு. நான் மேல இருந்தே சொன்னேன், "ஸ்பீக்கர் கிழிஞ்சா அது பாட்டு இல்லீங்க, ரிப்பேரு." அன்னிக்கு ஆரம்பிச்ச வழக்கு. ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், பேக்கரியில போய் உக்காருவோம். டீ, தேங்காய் பன், ஜெரால்டு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு, புள்ளைங்க பொறந்து, அதுகளுக்கும் கல்யாணம் ஆச்சு. வழக்கு மட்டும் முடியலை.

வழக்கு என்னன்னா, எனக்கு ஆல்பம்தான் பாட்டு. ஒரு மனுஷன் ரூமைச் சாத்திக்கிட்டு, திரும்பத் திரும்பப் பாடி, பிசிறெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, இதுதான்டா கடைசின்னு குடுக்கறான் பாருங்க, அது. எட்வினுக்குக் கச்சேரிதான் பாட்டு. "ஏலே சென்னி, கேசட்டுங்கது போட்டோ மாதிரி. கச்சேரிங்கது ஆளு. போட்டோகூடயா குடும்பம் நடத்துவ?" அப்படீம்பான். போட்டோவுக்குத் தொண்டை கட்டாதுடாம்பேன் நான். "தொண்டை கட்டுனாத்தாம்ல மனுசன்"னுவான். பக்கத்து டேபிள்காரங்க எந்திரிச்சு வேற பக்கம் போயிருவாங்க.

மூணாவது ஆல்பம் 'ஈயம்' இருக்குதுங்களே, அதுல மட்டும் எங்களுக்கு ஒரே கருத்து. அருமையான ஆல்பம். அதனாலயே அதைப் பத்திப் பேசறதில்லை. எடுத்தா அந்த ஞாயித்துக்கிழமை சப்புன்னு போயிரும்.

அப்புறம் செல்போன் வந்துச்சு. 'இடிதாங்கி அன்பர்கள்'னு ஒரு வாட்ஸ்அப் குரூப் நானே ஆரம்பிச்சேன். இடிதாங்கிங்கறது ஜெரால்டோட பேண்டு பேரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எட்வினையும் அட்மின் ஆக்கினேன். எதிர்க்கட்சியை மதிக்கணுமில்லீங்களா. உலகத்துல எங்கெங்கயோ இருந்து சேர்ந்தாங்க. யாராவது வந்து, 'ஜெரால்டு குரல் வயசாக ஆகக் கனிஞ்சிருக்கு'ன்னு எழுதுவாங்க. கனிஞ்சா பழமுங்க, குரல் இல்லைன்னு நான் பதில் போடுவேன். நல்லபடியாத்தான் போடுவேன். ஏனோ அதுக்கப்புறம் அவங்க எழுதறதை நிறுத்திருவாங்க. ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

இப்படி இருக்கையில, போன வருஷம், ஜெரால்டு கோயமுத்தூர் வராருன்னு சேதி. ரொம்ப நாள் கழிச்சு. மைதானம் கிடைக்கலையாம், அவினாசி ரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல வெச்சாங்க. எட்வின் ரெண்டு டிக்கெட்டோட ஊட்டுக்கு வந்து நிக்கறான். "வால, கடைசித் தடவையா இருந்தாலும் இருக்கும்." எனக்கு இஷ்டமே இல்லை. சரி, யாராவது ஒருத்தன் பொறுப்பாப் போய்க் கேட்டு, எங்கெங்க தப்புன்னு பதிவு பண்ணணுமேன்னு போனேன். என்ற ஸ்கூட்டர்லதான் போனோம். புதுச் சட்டை போட்டிருந்தேன். அது எதேச்சையா அமைஞ்சது.

மனுஷனைப் பாத்ததும் சங்கடமாப் போச்சுங்க. தலை பஞ்சாட்டம் வெளுத்துப்போச்சு. ஸ்டூல்ல உக்காந்துதான் பாடினாரு. பக்கத்துல ஒரு பிளாஸ்க்குல சுடுதண்ணி. அவரு மக ஷாரன்தான் பேஸ் கிட்டார் வாசிச்சுது. அந்தப் புள்ள கையில சுத்தம் இருந்துச்சு, அதைச் சொல்லணும். ஆனா அவரு குரலு? மேல போக வேண்டிய இடத்துக்கெல்லாம் ஜனங்களைப் பாடச் சொல்லி மைக்கை நீட்டறாரு. நான் எட்வின் காதுல ஒவ்வொன்னாச் சொல்லிட்டு வந்தேன். இது சுதி கம்மி, இது தாளம் மெதுவு, இங்க ஒரு சரணத்தையே முழுங்கிட்டாருன்னு. முன் சீட்டு அம்மா திரும்பி, "அண்ணா, நாங்க அவரு பாடறதைக் கேக்க வந்தோம்"னாங்க. நானும் அதைத்தானே கேட்டுட்டு இருக்கேன்? அவங்களை விடக் கவனமா. திரும்பிப் பாத்தா பக்கத்துல எட்வினைக் காணோம். எங்கீங்கறீங்க? நடைபாதையில. இந்த வயசுல கையைத் தூக்கிட்டு ஆடறான். வேர்வையில சட்டை ஒட்டிப்போச்சு. கண்ணெல்லாம் தண்ணி.

அப்பத்தான் 'சங்கு' எடுத்தாரு. 'மூணாவது ஷிப்ட்'ல வர்ற பாட்டு. மில்லுச் சங்கு ஊதினதும் ஒருத்தன் ஊட்டை விட்டுப் போறான். 'சங்கு ஊதினா எந்திரிச்சுப் போவேன், என்னைத் தேடாதே.' அந்தக் கடைசி 'தே' இருக்குதுங்களே, அதை இழுத்து விடுவாரு, குரல் எங்க முடியுது, கிட்டார் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. அதுக்காகவே நான் ஒரு கேசட்டைத் தேய்ச்சு, இன்னொன்னு வாங்கி, அதையும் தேய்ச்சவன். நான் கண்ணை மூடிட்டேன். வருது, வருது, வந்துச்சு. 'என்னைத் தேடி வா'ங்கறாரு!

தேடி வா! 'வா'வுல எங்கீங்க கிட்டார் ஒட்டும்? அந்தரத்துல தொங்குது. கச்சேரியில எல்லாம் அப்படித்தான் பாடறாருன்னு எட்வின் முன்னமே சொல்லியிருக்கான். அவனுக்குத்தான் காது மந்தமாச்சேன்னு நான் நம்பலை.

எந்திரிச்சுட்டேன். நானா எந்திரிக்கலீங்க, என்ற காது எந்திரிச்சுது. "தப்பு! வரி தப்பு!"ன்னு கத்திட்டேன். பாட்டு மெல்லப் போற இடம், கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருச்சு.

ஜெரால்டு கையைக் காட்டி வாசிப்பை நிறுத்தினாரு. கண்ணுக்கு மேல கையை வெச்சு, லைட்டை மறைச்சுப் பாத்தாரு. "யாருங்க அது?"

"நான்தானுங்க, சென்னியப்பன். பீளமேடு."

"என்ன தப்புங்க?"

"'தேடாதே'ன்னு வரணுமுங்க. கேசட்டுல அப்படித்தான் இருக்குது."

ஜனம் சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. "நீங்க சொல்றது சரீங்க. கேசட்டுல அப்படித்தான் இருக்குது"ன்னாரு. மைக்குலயே சொன்னாருங்க, நான் சரீன்னு. அதை யாரும் இப்ப ஞாபகம் வெச்சுக்கறதில்லை.

அப்புறம் அவரு கொஞ்சம் சுடுதண்ணி குடிச்சுட்டுச் சொன்னாரு. "எங்க டிரம்ஸ்காரன் கிருபாகரனை உங்களுக்கெல்லாம் தெரியும். அவனுக்கும் எனக்கும் ஒரு சண்டை வந்துச்சு. என்ன சண்டைன்னு கேட்டா இன்னிக்கு எனக்கே சொல்லத் தெரியலை. அவன் கோவிச்சுட்டுப் போயிட்டான். அந்தக் கோவத்துல எழுதின பாட்டு இது. போனது அவன், ஆனா நான் போறாப்பல எழுதிட்டேன். தேடாதேன்னு அவனுக்குத்தான் சொன்னேன். அவன் கேசட்டைக் கேட்டிருக்கான். தேடவே இல்லை. நானும் தேடலை. சேலத்துல ஒரு லாட்ஜுல செத்துக் கிடந்தான்னு போலீஸ்காரங்க சொல்லித்தான் எங்க இருந்தான்னே தெரிஞ்சுது. அதுல இருந்து அந்த வார்த்தை என் வாயில வர்றதில்லீங்க."

முன் சீட்டு அம்மா முந்தானையை எடுத்து மூக்கைத் துடைக்குது.

நல்ல விளக்கம்தானுங்க. நான் இல்லைங்கலை. ஆனா தம்பி, நீங்களே சொல்லுங்க, பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பம்ப் ஏன் சத்தம் போடுதுங்கறதுக்கு நல்ல காரணம் சொன்னா பம்ப் பாஸ் ஆயிருமா? அதை நான் நாசூக்காத்தான் சொன்னேன். "உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா பாட்டை நீங்க குடுத்து ரொம்ப நாளாச்சு. அது இப்ப எங்களுது. ஒரே ஒரு தடவை சரியாப் பாடிருங்க"ன்னேன். எட்வின் எப்ப வந்தான்னு தெரியலை, பின்னால இருந்து சட்டையைப் பிடிச்சு இழுக்கறான். புதுச் சட்டை, தையல் விட்டுப்போச்சு.

ஜெரால்டு என்னையே பாத்தாரு. அப்புறம், "சரீங்க. அவரு கேக்கறாரு"ன்னுட்டு, மகளுக்குத் தலையாட்டிட்டு ஆரம்பிச்சாரு. சங்கு ஊதினா எந்திரிச்சுப் போவேன், என்னைத் தேடா... அதுக்கு மேல வரலை. திரும்பவும் முதல்ல இருந்து எடுத்தாரு. தேடா... அங்கயே நின்னுபோச்சு. கிட்டாரைக் கழட்டி ஸ்டூல் மேல வெச்சாரு, பூ வெக்கறாப்பல மெதுவா. உள்ள போயிட்டாரு. மீதிக் கச்சேரியை அந்தப் புள்ளதான் முடிச்சுது.

ஆனா ஒன்னு சொல்றேன். அந்த 'தேடா' இருக்குதே. பாதி வார்த்தை. சுதியும் இல்லை, ஒன்னும் இல்லை. கேசட்டை விட நல்லா இருந்துச்சுங்க. இப்பவும் குளிக்கறப்ப, ரோட்டைத் தாண்டறப்ப, சும்மா காதுல வந்து நிக்குது. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. எட்வினுக்குத் தெரிஞ்சா ஜெயிச்சுட்டேன்னு தலைமேல ஏறி உக்காந்துக்குவான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஓ. வீடியோவுல பாத்திருக்கீங்களா. ஆமா, அது நான்தான். படம் சரியா விழலை, இடது பக்கமா எடுத்துட்டான். கீழ எழுதியிருந்ததையும் படிச்சீங்களா? சரி, விடுங்க. 'தப்பு தாத்தா'ன்னு ஒருத்தன் பேரு வெச்சானே, அவனுக்கு என்ற பேரன் வயசுகூட இருக்காது.

வெளிய ஸ்கூட்டர்கிட்ட வந்ததும் எட்வின் சொன்னான், "ஏலே, அந்த மனுசனை அழ வச்சிட்டியே."

"நான் எங்கடா அழ வெச்சேன்? கிருபாகரன் அழ வெச்சான்"னேன். நல்ல பதிலுங்க அது. வேற நாளா இருந்தா சிரிச்சிருப்பான்.

"நீ பம்பை மட்டும் கேளு, சென்னி"ன்னான். பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்து போயிட்டான். பின்னால சீட்டு காலியா இருக்க, நான் மட்டும் ஸ்கூட்டர்ல ஊட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில பாத்தா, குரூப்புல நான் இல்லை. நான் ஆரம்பிச்ச குரூப்புங்க! நீக்கினது எட்வின். அட்மின் ஆக்கினவனையே. அரசியலே தேவலை. கொஞ்ச நாள்ல ஷாரன் ஒரு அறிவிப்புப் போட்டுது, அப்பா இனி மேடையில 'சங்கு' பாட மாட்டாருன்னு. நல்லதுதான், தப்பாப் பாடறதுக்குப் பாடாமலே இருக்கறது மேல்னு சொன்னேன். என்ற ஊட்டம்மா கேட்டா, "உங்களுக்குத் திருப்திதானே?" பரம திருப்தீன்னேன். "அப்புறம் எதுக்கு டீயைக் குடிக்காம வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க?" சூடுங்க. டீ சூடா இருந்துச்சு. அவளுக்கு எல்லாத்துலயும் ஒரு அர்த்தம் வேணும்.

பேக்கரிக்கு அவன் வரலை. நான் போய் உக்காருவேன். கடைக்காரர் ரெண்டு டீ கொண்டாந்து வெச்சுருவாரு, பழக்கத்துல. ரெண்டையும் நானே குடிச்சுட்டு வருவேன். எல்லாரும் என்ற கருத்தை ஒத்துக்கற டேபிளு. ரொம்ப நிம்மதி.

அப்புறம் ஒரு நாள் அவன் ஊட்டு முன்னால லாரி நிக்குது. அவனும் ரிட்டயர் ஆயாச்சு, ஊருக்கே போறான்னு பக்கத்துல சொல்லித் தெரிஞ்சுது. கட்டில் ஏறுது, பீரோ ஏறுது, அந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஏறுது. நான் மொட்டை மாடியில இருந்தேன். தொட்டியில தண்ணி இருக்குதான்னு பாத்துட்டு இருந்தேன். நிறைஞ்சுதான் இருந்துச்சு. இருந்தாலும் பாக்கணுமில்லீங்களா. அவன் லாரியில ஏறறதுக்கு முன்னால ஒரு தடவை மேல பாத்தான். நான் தொட்டி மூடியைத் தூக்கிட்டு நின்னேன். இறங்கி வர்றதுன்னா மூடியை யாரு வெக்கறது?

போன வாரம் அவன் சம்சாரம் ஜெயசீலி போன் பண்ணுச்சு. "அண்ணே, இவுக பாட்டே கேக்க மாட்டேங்காவ. ஸ்பீக்கர் பெட்டி மேல துணியைப் போட்டு மூடிட்டாவ. ஏன்னு கேட்டா, எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த மனுசன் தேம்புனதுதான் காதுல விழுதுன்னு சொல்லுதாவ. சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்காவ. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போகக் கூடாதா?"

நான் சொன்னேன், அது விசில் ஊதினதால வந்த காது மந்தம், டாக்டரைப் பாக்கச் சொல்லும்மான்னு. போனை வெச்சுட்டேன்.

அப்புறம் யோசிச்சேன். இவன் பாட்டுக் கேக்கறதையே நிறுத்திட்டா, நான் சொன்னது சரின்னு யாரு ஒத்துக்கறது? வழக்கு நடுவுல நிக்குது, எதிர்க்கட்சிக்காரன் கோர்ட்டுக்கே வரலைன்னா தீர்ப்பு எப்படி? அதுக்குத்தான் போறேன். வேற ஒன்னுக்கும் இல்லை. ரெண்டு நாள் உக்காந்து, ஸ்பீக்கர் மேல இருக்கற துணியை எடுத்துட்டு, முதல்ல இருந்து எல்லாத்தையும் போட்டுக் காட்டிட்டு வரலாம்னு. முதல்ல 'ஈயம்'தான் போடலாம்னு இருக்கேன். சண்டை வராது. அதாவது, ஆரம்பத்துலயே சண்டை வேண்டாம்னு.

இந்தத் தூக்குப்போசி? ஒப்புட்டுங்க, நீங்க போளீம்பீங்க. ஊட்டம்மா குடுத்து விட்டா. நான் கேக்கலை. தேங்காய் ஒப்புட்டு போடு, பருப்பு போட்டா அவன் தொட மாட்டான்னு மட்டும்தான் சொன்னேன். எடுத்துக்கறீங்களா ஒன்னு? வேண்டாமா? நல்லது, எண்ணிக்கை குறைஞ்சா அவன் கேப்பான்.

கண்டக்டர் என்ன சொல்றாரு? குரும்பூரா? அதுக்குள்ளயா? கொஞ்சம் வழி விடுங்க தம்பி. பையை அப்படியே நீட்டுங்க. நான் வர்றேன்னு அவனுக்குச் சொல்லவே இல்லீங்க. சொல்லியிருந்தா பெருசா நினைச்சுக்குவான். விசாரிச்சுப் போய்க் கதவைத் தட்டிக்கலாம்.

அங்க... அந்தப் புளியமரத்துக்கு அக்கட்டால, வெயில்ல குடையைப் பிடிச்சுட்டு ஒருத்தன் நிக்கறானே, அது... என்ற ஊட்டம்மா வேலைதான் இது. போன் பண்ணிச் சொல்லிட்டா. நிழல்ல நிக்கலாமில்ல, அறிவு கெட்டவன். எந்த பஸ்ஸுன்னு தெரியாம எத்தனை பஸ்ஸுக்கு நின்னானோ. இப்படி இளைச்சுப் போயிட்டானேங்க. பேண்டு இடுப்புல நிக்கலை பாருங்க.

சரி. தம்பி, நான் ஒன்னு முடிவு பண்ணியிருக்கேன். நீங்களும் ஜன்னல்ல பாத்துக்கங்க, சாட்சியா இருக்கட்டும். நான் முதல்ல பேச மாட்டேன். குரூப்புல இருந்து நீக்கினது அவன். ஸ்கூட்டர்ல ஏறாமப் போனது அவன். அவன் வந்து பேசட்டும். நான் பாட்டுக்கு இறங்கி, வேட்டியைச் சரி பண்ணிட்டு, ஊரைப் பாத்துட்டு நிப்பேன். எனக்கும் ஒரு மரியாதை...

டிரைவரண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க, தாண்டிப் போகுது! டேய்! எட்வினு! டேய், இங்கடா! அந்த பஸ் இல்லடா, பின்னால பாரு, இந்த பஸ்ஸு! குடையை மடக்குடா முதல்ல, மூஞ்சி தெரிய மாட்டேங்குது!